பின்பாட்டு முனிரத்தினம்

2023 மே 21, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு முனிரத்தினம் கங்கையாவின் கூத்து சபையை விட்டுப் போனார். போனதுகூடப் பரவாயில்லை, போன நேரம்தான் வம்பு. ஆந்திர எல்லையில், புத்தூருக்குத் தெற்கே ஒரு ஊரில் பாரதத் திருவிழாவின் கடைசி நாள் அது. களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நாற்பதடி நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான். அவன் தொடைமேல் ஏறி நின்று, துரியோதனன் வேஷம் கட்டியவர் தன் கடைசிப் பாட்டின் முதல் வரியைப் பாடி முடித்தார். அதே வரியைப் பின்னால் நிற்பவர் அப்படியே திருப்பிப் பாட வேண்டும். அதற்குப் பெயர் பின்பாட்டு. முன்னால் ஆடுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்ளவும் அடுத்த வரியை ஞாபகப்படுத்திக்கொள்ளவும் அந்த இடைவெளிதான் கிடைக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் நின்ற முனிரத்தினம் அன்று நிற்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி தன் ஆட்டோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

துரியோதனன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வந்தது பக்கவாட்டிலிருந்து. முனிரத்தினம் பழைய சாமான் வாங்கிக் காயலாங்கடையில் போடுகிறவர். ஆட்டோவின் தலையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. சாவியைத் திருப்பினால் எஞ்சினோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும். அன்றும் கிளம்பியது. முதலில் தெலுங்கில், பிறகு தமிழில், முனிரத்தினத்தின் குரலிலேயே: "பழைய இரும்பு, பழைய பேப்பர், ஓடாத மிக்ஸி, ஒடஞ்ச சேரு எடுக்கறோம்." கூந்தலை விரித்துப்போட்டுச் சபதம் முடிக்கக் காத்திருந்த திரௌபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரௌபதி வேஷம் கட்டியவர் மணல் லாரி டிரைவர். அவர் சிரித்தால் வயிறு தனியாகக் குலுங்கும். அந்த வருஷம் அந்த ஊரில் பாரதப் போர் சரியாக முடியவில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முனிரத்தினத்துக்கு ஒரே ஒரு ஆசை. கர்ணன் வேஷம் கட்டி, கர்ணன் சபைக்கு வருகிற பாட்டைப் பாட வேண்டும். அவர் முதலில் பாட, வேறு யாராவது பின்னால் நின்று அதைத் திருப்பிப் பாட வேண்டும். சபையின் வாத்தியார் கங்கையா ஒவ்வொரு வருஷமும் "வர்ற வருசம் பாத்துக்கலாம்டா" என்பார். அந்த வருஷம் பழைய கர்ணனுக்கு முட்டி போய்விட்டது. வேஷத்தைத் தூக்கித் தன் மருமகன் யஸ்வந்துக்குக் கொடுத்தார் கங்கையா. யஸ்வந்த் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிற நல்ல பையன். பாட்டு மட்டும் வராது. கர்ண மோட்சத்தில் 'குந்தி பெற்ற பிள்ளை' என்று பாட வேண்டிய இடத்தில் 'காந்தாரி பெற்ற பிள்ளை' என்று பாடி, கர்ணனை ஒரே வரியில் எதிர்க்கட்சித் தாய்க்குத் தத்துக் கொடுத்துவிட்டான். அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. முன்னால் இருப்பவர் என்ன பாடினாலும் பின்பாட்டுக்காரர் அதையேதான் பாட வேண்டும். திருத்தக் கூடாது. திருத்தினால் முன்னால் ஆடுகிறவரின் மானம் சபையில் போய்விடும். ஆகவே முனிரத்தினமும் 'காந்தாரி பெற்ற பிள்ளை' என்று கணீரென்று பாடினார். இந்தக் கட்டுப்பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. முன்பொரு முறை அர்ச்சுனன் வரியின் நடுவில் தும்ம, அந்தத் தும்மலையும் ராகத்தோடு திருப்பிக் கொடுத்தவர். ஆனால் காந்தாரியைத் திருப்பிப் பாடிய மறுநாள்தான் துண்டை உதறினார்.

அப்போது நான் ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சொந்த ஊரான நகரிக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் எட்டு பவர்லூம் ஓடுகிற இரைச்சலில் யாரும் என்னிடம் கல்யாணப் பேச்சு எடுக்க முடியவில்லை என்பதைத் தவிர அங்கே எனக்கு வேறு சௌகரியம் இல்லை. வெளிநாட்டு நாடகக் குழுக்களில் நான் பார்த்த வேலை, மேடையிலேயே சத்தத்தைப் பதிவு செய்து அங்கேயே சுற்ற விடுவது. ரோட்டர்டாமில் ஒரு நிலவறையில், இரண்டு ஸ்பூல் டேப் மெஷின்களுக்கு நடுவே நாடாவை ஓடவிட்டு, வெறும் இருமலை வைத்தே ஒரு மணி நேரத்தை ஓட்டிய ஆளை டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று கைதட்டியும் இருக்கிறேன். ஊருக்கு வந்து இதை விளக்கினால் யாருக்கும் புரியவில்லை. முனிரத்தினத்துக்கு மட்டும் உடனே புரிந்தது.

எங்கள் வீட்டில் ஓடாத கிரைண்டரை எடுக்க வந்தபோது அவரிடம் சொன்னேன். ஒரு மெஷின் குரலைப் பதிவு செய்யும். நாடா அதிலிருந்து நேராகப் பக்கத்து மெஷினுக்குப் போகும். அது கொஞ்ச நேரம் கழித்து அதே குரலைப் பாடும். பாடியதை ஒரு ஒயர் வழியாக மறுபடி முதல் மெஷினுக்கே அனுப்பினால், பழைய குரலும் புதுக் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார்.

"மெசினு பின்பாட்டு பாடுமா?"

பாடும் என்றேன்.

"முன்னால நான் பாடலாமா?"

நீங்கள்தான் பாட வேண்டும் என்றேன். அவர் கிரைண்டரை மறந்துவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றித் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். பாகாலாவில் ஒரு ரிட்டயர்ட் ரயில்வே கார்டு வீட்டில் வாங்கிய ஸ்பூல் மெஷின் ஒன்று, சித்தூரில் மூடிப்போன ரெக்கார்டிங் கடையில் வாங்கியது ஒன்று. செம்புக்காக உடைக்க வேண்டியவை. உடைக்க மனசு வராமல் மூன்று வருஷமாகப் பழைய சேர்களுக்கு அடியில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு மாதம் அந்தக் கொட்டகையில் கிடந்தோம். இறுகிப்போன ரப்பர் வளையத்துக்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார். நாடா தொய்யாமல் இருக்க நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதைச் சுற்றி வரவிட்டோம். நாடா விநாடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் ஓடும். கர்ணன் பாட்டில் ஒரு வரிக்கு ஏழு விநாடி. ஆக இரண்டு மெஷினுக்கும் நடுவில் அறுபத்தாறு சென்டிமீட்டர் இருந்தால் பின்பாட்டு தாளத்தில் வந்து விழும். இதை நான் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் மேசையை இடுப்பால் இடித்து இடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டார்.

"கங்கையாவுக்கு இந்த வசதி கெடையாது பாப்பா. பின்பாட்டு லேட்டாச்சின்னா அவரு என்னத்தான் திட்டணும். நானு மேசைய ஒதச்சா போதும்."

அவர் மனைவி ஷோபா பாகாலாக்காரி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் திட்டி முடிப்பவர். வீட்டில் தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூட இந்த மனுஷனுக்கு இருபது வருஷம் ஆனது, இந்தப் பெட்டி ஏழே விநாடியில் சொல்லிவிடுகிறது, அதையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்றார். டீ மட்டும் நேரத்துக்கு வந்தது.

முனிரத்தினத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடமெல்லாம் தெலுங்கு மீடியம். கூத்துப் பாட்டு நோட்டு தமிழில் இருப்பதால் வாத்தியார் அவரை முன்னால் விடாததற்கு அதையும் ஒரு சாக்காகச் சொல்வாராம். ஆனால் நோட்டில் இருந்த மொத்தமும் இவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருஷம் எல்லார் வரியையும் ஒரு தடவை கேட்டு ஒரு தடவை பாடியிருக்கிறார். கர்ணன் பாட்டில் பதினாறு வரி. முதல் வரி, 'தேரோட்டி வளர்த்த பிள்ளை சபையேறி வந்தேனே.' அங்கிருந்து தொடங்கி அவர் ஒவ்வொரு வரியாகப் பாட, மெஷின் அதைத் திருப்ப, திருப்பியது அடங்குவதற்குள் அடுத்த வரி வர, பதினாறாவது வரியில் சபை நிறைய கர்ணன்கள் நின்று பாடுவது போல இருக்கும். கொட்டகையில் அதை முதல் தடவை முழுதாகக் கேட்டபோது எனக்கு ரோட்டர்டாம் இருமல்காரர் மேல் பரிதாபம் வந்தது.

திருப்பதியில் ஹரிபிரசாத் என்பவர் பரிசோதனை நாடக விழா நடத்துகிறார். முப்பது வயது, தாடி, எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். டிசம்பர் விழாவில் எங்களுக்கு மாலை ஆறு மணி கொடுத்தார். அரங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடைச் சுவரிலேயே இருந்தன. 'வெங்கட் வெட்ஸ் அகிலா.' எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஹரிபிரசாத் கண்ணை மூடி யோசித்து, இருக்கட்டும், நல்ல முரண் என்றார். ஆக வெங்கட்டுக்கும் அகிலாவுக்கும் அடியில் கர்ணன் நின்றான்.

கிரீடம், புஜகீர்த்தி, முகத்தில் அரிதாரம், எல்லாம் முழுசாகக் கட்டியிருந்தார் முனிரத்தினம். ஒரு பக்கம் ஒரு மெஷின், இன்னொரு பக்கம் ஒரு மெஷின், நடுவில் டம்ளர். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையில் கங்கையா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். யார் சொல்லி வந்தார் என்று தெரியவில்லை. முனிரத்தினமும் பார்த்தார். பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது.

தப்பு நான் செய்தது. கொட்டகையில் ஸ்பீக்கர் அவருக்குப் பின்னால் இருந்தது. மண்டபத்தில் நான் படித்த படிப்பெல்லாம் ஞாபகம் வந்து, பாடுகிறவருக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஒரு ஸ்பீக்கரை அவருக்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்து வைத்தேன். உலகம் முழுக்க அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் உலகத்தில் வேறு யாரும் இருபத்திரண்டு வருஷம் பின்பாட்டு பாடியதில்லை.

முதல் வரியைப் பாடினார். எனக்குச் சிலிர்த்தது. 'தேரோட்டி வளர்த்த பிள்ளை சபையேறி வந்தேனே.' ஏழு விநாடி கழித்து, முன்னாலிருந்து, ஒரு கம்பீரமான குரல் அதே வரியைப் பாடியது. முனிரத்தினம் அதைக் கேட்டார். தலையை லேசாகச் சாய்த்தார். பிறகு இரண்டாவது வரியைப் பாடுவதற்குப் பதில், அதே முதல் வரியைப் பணிவாகத் திருப்பிப் பாடினார்.

மெஷின் அவர் பாடியதைப் பாடியது. அவர் மெஷின் பாடியதைப் பாடினார். ஒயர் வழியாகப் பழைய குரல்களும் சேர்ந்துகொண்டதால் ஒருவர் இருவராகி, இருவர் பத்துப் பேராகி, தேரோட்டி வளர்த்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சபையேறி வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவரும் அதற்கு மேல் நகரவில்லை. நான் ஓரத்திலிருந்து கையைக் காட்டினேன். விரலைக் காட்டினேன். இரண்டாவது வரியை வாயசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மறுபடி முதல் வரியைப் பாடினார். ஸ்பீக்கரை அணைத்துவிடலாம் என்று தோன்றியது. அணைத்தால் மேடை நடுவில் கிரீடத்தோடு தனியாக நிற்பவர் கதி என்ன என்றும் தோன்றியது. இரண்டும் தோன்றி முடிப்பதற்குள், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுச் சேர்த்த அறுபது சொச்சம் மீட்டர் நாடா தீர்ந்து, சுருளின் வால் பட்பட்டென்று அடித்தது. பதினோரு நிமிஷம். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு தடவை.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஹரிபிரசாத் அழுதார். வந்திருந்த பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கி, பிறப்பு மறுக்கப்பட்ட மனிதன் தன் அறிமுகத்தைத் தாண்டி ஒரு சொல்கூடப் போக முடியாத அவலத்தை இப்படி ஒரு கட்டமைப்பில் தான் பார்த்ததே இல்லை என்று தெலுங்கில் சொன்னார். இந்த வடிவத்துக்கு வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று என்று முனிரத்தினத்தைக் கேட்டார்.

"இருவத்ரெண்டு வருசம் சார்," என்றார் முனிரத்தினம். அவர் நிஜத்தைச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால், மணமகள் அறையில் அவர் கிரீடத்தைக் கழற்றாமல் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கர் வைத்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது என் கொரலுதான்னு தெரிஞ்சது பாப்பா. மூணாவது வாட்டியே தெரிஞ்சிபோச்சி. ஆனா முன்னால ஒர்த்தன் பாடிக்கினு கீறான். அவன வுட்டுட்டு நானு எப்டி போவறது?"

அப்போதுதான் கங்கையா உள்ளே வந்தார். மண்டபத்தில் அத்தனை பேரில் அது தப்பு என்று தெரிந்த ஒரே பார்வையாளர் அவர். தாம்பூலப் பை ஒன்று கையில் இருந்தது, நேற்றைய கல்யாணத்தில் மிச்சமானது. அதிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

"உன் கொரலயே வுட்டுட்டு உன்னால முன்னால போவ முடில. நீ கர்ணன் கேக்கற."

சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் முனிரத்தினத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த வரியையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் ஹைதராபாதிலிருந்து அழைப்பு வந்தது, அடுத்து பெங்களூரிலிருந்து. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை: திருப்பதியில் செய்தது போலவே செய்ய வேண்டும், இரண்டாவது வரி கூடாது. நான் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருந்தது. ஊர் திரும்பியதற்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிடும், மறுபடி ஊரைவிட்டுப் போகவும் ஒரு காரணம் கிடைத்துவிடும். கொட்டகைக்குப் போய், கலையில் தப்பு என்று ஒன்று கிடையாது என்றேன்.

"உனுக்கு கெடையாது பாப்பா. எனுக்கு கீது. ஒருவாட்டி தப்பு பண்ணேன், செரி. அதயே ஊரு ஊரா போயி பண்ணச் சொல்றாங்க. பின்பாட்டுக்கு நானு கங்கையா கிட்டயே இருந்துக்கினு இருப்பேனே."

கோபத்தில் நான் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. ஷோபாதான் போன் செய்தார். மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது, வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் இல்லை, ஏன் என்றால் பயிற்சி என்கிறார், வந்து பார் என்றார். போனேன். முனிரத்தினம் கொட்டகையில் இல்லை, புத்தூர் தெருக்களில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் பின்சீட்டில் ஓடாத இரண்டு மிக்ஸிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன்.

தலைக்கு மேல் ஸ்பீக்கரில் அவர் குரல் பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அதே குரலுக்கு எதிராகக் கர்ணன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நான்காவதில் மேலே 'ஓடாத மிக்ஸி' வந்ததும் வாய் தானாக 'ஓடாத மிக்ஸி' என்றது. தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஸ்பீக்கரைவிட்டுத் தாண்டிப் போகப் பழகுகிறாராம். இரண்டு மாதத்தில் நான்கு வரி தாண்டியிருக்கிறார். ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் ஒடிந்த சேரைத் தூக்கிக்கொண்டு நின்றார். இவர் ஐந்தாவது வரியில் இருந்ததால் நிற்கவில்லை. அந்த அம்மாள் சேரோடு கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தார். நிறுத்துங்கள் மாமா, வியாபாரம் போகிறது என்று கத்தினேன். அவர் ஐந்தாவது வரியை இன்னும் சத்தமாகப் பாடினார்.

அதற்குப் பிறகு எனக்குத் திருப்பதியிலேயே ஒரு நாடகப் பயிற்சி வேலை கிடைத்து, அங்கே வீடு எடுத்துக்கொண்டேன். முனிரத்தினத்தோடு பேச்சு குறைந்துபோனது. சண்டை இல்லை, போன் செய்தால் அவர் பாதி நேரம் பயிற்சியில் இருப்பார், அவ்வளவுதான். ஷோபாவிடம் விசாரிப்பேன். பத்தாவது வரி என்பார், ஒரு முறை பதிமூன்று என்றார், பிறகு ஜலதோஷம் பிடித்து மறுபடி பதினொன்றுக்கு வந்துவிட்டார் என்றார்.

2025 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, நான் ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது முனிரத்தினத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவர் எழுதுவது எப்போதும் தெலுங்கு எழுத்தில் தமிழ்தான். அதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"பாப்பா, நேத்து சத்தியவேடு பக்கத்துல நாந்தான் கர்ணன். யஸ்வந்துக்கு கம்பெனில லீவு குடுக்கலன்னு கங்கையா என்ன கூப்ட்டாரு. பின்பாட்டுக்கு வேற ஆளு இல்லன்னு கங்கையாவே பின்னால நின்னாரு. ரெண்டு எடத்துல லேட்டா வந்தாரு. நானு நிக்கல, போய்க்கினே இருந்தேன்."